உயர் நீதிமன்றத்துக்கு ஒரு திருத்தம்

குற்றாலம்
14 ஜூன் 2025

அன்புள்ள நாச்சியாருக்கு,

போனில் பேசினால் நான் குறுக்கு விசாரணை செய்கிறேன், அதனால் இனிமேல் கடிதம்தான் என்று நீ போட்ட உத்தரவுக்குக் கட்டுப்பட்டுப் பேனாவை எடுத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் உனக்கு எழுதியதோடு சரி. கையெழுத்து இன்னும் கெட்டுப்போயிருக்கிறது, பொறுத்துக்கொள்.

இங்கே சாரல் தொடங்கிவிட்டது. ஐந்தருவிப் பக்கம் கார் நிறுத்த இடமில்லை. தென்காசிக் கோயில் வாசலில் காற்று ஆளையே தள்ளுகிறது. ஊர் முழுக்கக் கூட்டம், நம் வீட்டில் நான் மட்டும். பழக்க தோஷத்தில் மங்குஸ்தான் இரண்டு கிலோ வாங்கிவிட்டேன். பாதி அழுகிக் குப்பைக்குப் போயிற்று. குமாஸ்தா பலவேசம் தினமும் கேட்கிறார்: "மேடம் எப்போ வருதாக சார்? அவுக இல்லாம சேம்பர்ல பேச்சுச் சத்தமே இல்ல." அக்டோபரில் ஒப்பந்தம் முடிகிறது, வந்துவிடுவாள் என்று சொல்லியிருக்கிறேன். சரிதானே?

சட்ட வரைவாளர் வேலை என்று நீ கிளம்பியபோது, மீன்பிடிப் படகுக்கும் நாய்க்கும் லைசென்ஸ் விதி எழுதப் போகிறாய் என்றுதான் நினைத்தேன். இப்போது அந்த நாட்டு அரசியலமைப்பையே திருத்தச் சொல்கிறார்களாமே! உயர் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்த மசோதா என்று செய்தியில் பார்த்தேன். அந்தத் தீவுச் செய்திகளைத் தேடித் தேடிப் படிப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. விவரமாக எழுது.

உன்
கௌரிசங்கர்


தீவிலிருந்து
6 ஜூலை 2025

அன்பு அத்தானுக்கு,

கோழி கிண்டியது போன்ற உங்கள் எழுத்தை ஒரு வழியாகப் படித்து முடித்தேன். மங்குஸ்தான் வரியில் மட்டும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

கேட்டீர்களே, சொல்கிறேன். இங்கே உயர் நீதிமன்றம்தான் கடைசி. அதற்கு மேலே போக வழி கிடையாது. தலைமை நீதிபதி, முன்பு ஆண்ட கட்சிக்கு வக்கீலாக இருந்தவர். எந்த வழக்கை எந்த நீதிபதி கேட்பது என்று முடிவு செய்வது அவர் ஒருவர்தான். கட்சி சம்பந்தப்பட்ட வழக்கு எல்லாம் அவருக்கு வேண்டிய இரண்டு பேரிடமே போகும். போன தேர்தலில் ஜெயித்தவர்களில் மூன்று பேரின் பதவியைப் பறித்தார்கள். அவர்கள் தரப்பைச் சரியாகக் கேட்கக்கூட இல்லை. ஜனங்கள் தீர்ப்பு வருவதற்கு முன்பே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறார்கள்.

என் மசோதா கோர்ட்டின் அதிகாரத்தைக் குறைக்கவில்லை அத்தான். வழக்குகளை நீதிபதிகளுக்குச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்க வேண்டும், நியமனத்தைப் பொதுவான ஒரு குழு செய்ய வேண்டும், அவ்வளவுதான். இதைக் கேட்கிற அரசாங்கத்துக்கும் பழைய கோபம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். வெளிப்படையாகச் சொன்னால், அவர்களுடைய கோபத்துக்கு நான் அடியாள் வேலை பார்க்கிறேனா, அல்லது நியாயம் செய்கிறேனா என்று எனக்கே குழப்பம். உங்களைத் தவிர இதை யாரிடம் சொல்வேன்? தீர்ப்பு வேண்டாம். யோசனை மட்டும் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கடைகளும் மூடிவிடும். கடற்கரை வரை நடந்துவிட்டுத் திரும்புவேன். தமிழில் ஒரு வார்த்தை பேச ஆள் இல்லை.

இன்னொன்று. ஒப்பந்தத்தை மூன்று வருஷம் நீட்டிக்கிறோம் என்கிறார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. நான் கிளம்பிய அன்று தென்காசி ஸ்டேஷனில் பொதிகை ரயில் புறப்படுவதற்கு முன்னால் பேசிக்கொண்டோமே, இரண்டு பேரையும் தொடுகிற காரியத்தை ஒருவர் மட்டும் முடிவு செய்வதில்லை என்று. அதனால் கேட்கிறேன். எனக்கு வரத்தான் ஆசை.

அன்புடன்
நாச்சியார்


குற்றாலம்
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள நாச்சியாருக்கு,

நீட்டிப்பு விஷயத்தில் யோசிக்க என்ன இருக்கிறது? முடியாது என்று சொல்லிவிடு.

இனி மசோதாவுக்கு வருகிறேன். அழகாக எழுதியிருப்பாய், சந்தேகமில்லை. ஆனால் அடிப்படையிலேயே ஓட்டை. நீ எழுதியதற்குப் பொருள் சொல்லப் போவது யார்? அதே கோர்ட். இந்தத் திருத்தம் செல்லாது என்று எவனாவது வழக்குப் போடுவான். அந்த வழக்கை யார் கேட்பது என்று முடிவு செய்யப் போவது யார்? அதே தலைமை நீதிபதி. நம் நாட்டிலேயே நீதிபதி நியமனத்துக்கு ஆணையம் வைத்த திருத்தத்தை உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொன்னதே, மறந்துவிட்டாயா? நானும் நீயும் அன்று சேம்பரில் சாப்பிடாமல் சண்டை போட்டோம். நீ எந்தக் கட்சி, நான் எந்தக் கட்சி என்பதுகூட நினைவில்லை, சாம்பார் ஊசிப்போனது மட்டும் நினைவிருக்கிறது.

எழுத்து என்பது, கட்டுப்பட வேண்டும் என்று நினைக்கிறவனைத்தான் கட்டுப்படுத்தும். மனம் கோணியவனுக்கு நீ எத்தனை திருத்தம் எழுதினாலும் அதற்குள் ஒரு சந்து கண்டுபிடிப்பான். வீணாக உழைக்கிறாய்.

மற்றபடி சீசன் அடங்குகிறது. அச்சன்புதூர் வாய்க்கால் வழக்கு ஜெயித்துவிட்டது. ஜூனியர் இசக்கிமணி நன்றாகத் தேறி வருகிறான். நின்றுகொண்டே எழுதிக்கொண்டிருந்தான், பாவம். ஜன்னலோரம் இருந்த உன் மேசையை அவனுக்குக் கொடுத்துவிட்டேன். டிராயரில் இருந்ததை எல்லாம் பலவேசம் அட்டைப்பெட்டியில் கட்டி மேலே வைத்திருக்கிறார்.

சாப்பாடு மெஸ்ஸிலிருந்து வருகிறது. குறையொன்றும் இல்லை.

உன்
கௌரிசங்கர்


தீவிலிருந்து
31 ஆகஸ்ட் 2025

அத்தானுக்கு,

மசோதா பற்றிய பாராக்களை ஒரு முறை படித்தேன். மேசை பற்றிய பாராவை எத்தனை முறை படித்தேனோ தெரியாது.

பதினெட்டு வருஷம் உட்கார்ந்த மேசை அது. தென்காசியில் அது என் மேசை என்று எனக்கு ஒரு நினைப்பு. இசக்கிமணி மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்தப் பையன் நின்றுகொண்டு எழுத வேண்டாம்தான். ஒரு வரி எழுதி, கொடுக்கட்டுமா என்று கேட்டிருந்தால், கொடுங்கள் என்று நானே சொல்லியிருப்பேன்.

இங்கே அந்த நீதிபதிகள் மூன்று பேரின் பதவியைப் பறித்த தீர்ப்பைப் பார்த்திருக்கிறேன். அதுவும் இப்படித்தான் வாய்க்கால் வழக்குக்கும் மெஸ் சாப்பாட்டுக்கும் நடுவில் சொல்வது போல ஒரு வரியில் முடிந்திருந்தது.

பேசி வைத்ததை மறந்துவிட்டீர்களா? அதை மட்டும் எழுதுங்கள். நீட்டிப்புக் கடிதம் இன்னும் கையெழுத்துப் போடாமல் என் பையில் இருக்கிறது.

நாச்சியார்


குற்றாலம்
27 செப்டம்பர் 2025

அன்புள்ள நாச்சியாருக்கு,

ஒரு மேசைக்கு இவ்வளவு கோபமா? மறக்கவில்லை. ஸ்டேஷனில் பேசியது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "இரண்டு பேரையும் தொடுகிற காரியம்" என்றுதான் சொன்னோம். நியாயமாகப் பார். அது குடும்பத்துக் காரியங்களுக்காகப் பேசியது. வீடு, நிலம், உன் வேலை, அப்படி. சேம்பர் வாடகை என் பெயரில் இருக்கிறது. மேசையை யார் உபயோகிப்பது என்பது அன்றாட நிர்வாகம். அதோடு இது தற்காலிக ஏற்பாடு. உன் உரிமை எதுவும் பறிபோகவில்லை, நீ வந்ததும் பேசிக்கொள்ளலாம். பேசி வைத்ததை நான் மீறவே இல்லை.

இசக்கிமணியே கேட்டான், "சார், மேடம் வந்து கேட்டாகன்னா நான் என்ன சொல்லுதது?" நான் சொல்லிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இன்று காலை உங்கள் தீவுச் செய்தி பார்த்தேன். திருத்தம் நிறைவேறிய மறுநாளே தடை, அடுத்த வாரமே செல்லாது என்று தீர்ப்பு, அந்தத் தலைமை நீதிபதியே அமர்வில்! சீட்டுக் குலுக்க நேரமே கொடுக்கவில்லை. நான் ஆகஸ்டில் எழுதியதை எடுத்துப் படித்துப் பார், வரிக்கு வரி அப்படியே நடந்திருக்கிறது. அப்போதே கேட்டிருக்கலாம்.

அக்டோபரில் எந்தத் தேதி வருகிறாய்? மதுரைக்குக் கார் அனுப்புகிறேன்.

உன்
கௌரிசங்கர்


தீவிலிருந்து
19 அக்டோபர் 2025

அன்பு அத்தானுக்கு,

நீங்கள் சொன்னதுதான் சரி. முழு மனதோடு எழுதுகிறேன், கேலி இல்லை.

தீர்ப்பு வந்த அன்று கோர்ட்டில் இருந்தேன். அந்த மனிதர் என் வரிகளை ஒவ்வொன்றாக, நிதானமாக, மரியாதையோடு படித்தார். ஒரு சொல்லைக்கூட மாற்றிப் படிக்கவில்லை. "இது மிக நல்ல ஏற்பாடு, ஆனால் இந்த நீதிமன்றத்தைத் தொடாது" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெளியே வந்து நின்றேன். உங்கள் குரலைக் கேட்க வேண்டும் போல் இருந்தது. இரண்டு வாரம் கழித்து உங்கள் கடிதம் வந்தது.

அதில் நீங்களும் அதே நிதானத்தோடு படித்திருந்தீர்கள். குடும்பத்துக் காரியம், அன்றாட நிர்வாகம், தற்காலிக ஏற்பாடு. நான் அழுதேனா என்று அதில் ஒரு கேள்வி இல்லை.

நீங்கள் கெட்டவர் இல்லை அத்தான். என்னை ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. ஆனால் நாம் சேர்ந்து போடுகிற விதிக்கெல்லாம் கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் ஒருவர்தான் பொருள் சொல்லி வருகிறீர்கள். சொல்லிச் சொல்லித் திருத்தலாம் என்று நானும் இத்தனை வருஷம் முயன்றுவிட்டேன். கட்டுப்பட நினைக்காத ஆளை எழுத்து கட்டுப்படுத்தாது என்று நீங்களே புரியவைத்தீர்கள். உங்கள் வாதத்தை ஒப்புக்கொண்டுவிட்டேன்.

நீட்டிப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்களைக் கேட்காமல்தான் போட்டேன். அது தப்பு என்று எனக்குத் தெரியும், அதற்கு நான் எந்தப் பொருளும் சொல்லவில்லை.

அட்டைப்பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய் வையுங்கள். சேம்பரில் மழைக்கு ஒழுகும்.

நாச்சியார்


குற்றாலம்
7 டிசம்பர் 2025

நாச்சியாருக்கு,

உன் கடிதம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது. பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் இரண்டாவது பாராவிலேயே உன்னை மறுத்து எழுதத் தொடங்கிவிட்டேன். எல்லாவற்றையும் கிழித்துப் போட்டேன். நல்ல வாதங்கள்தான் அவை.

மழை விடவில்லை. பேரருவியில் குளிக்கத் தடை. போலீஸ்காரர் ஒருவர் மட்டும் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார். லாட்ஜ்கள் எல்லாம் சாத்திக் கிடக்கின்றன. நம் தெருவில் விளக்கு எரிகிற வீடு நம்முடையது ஒன்றுதான்.

மேசை இப்போது எங்கே இருக்கிறது என்று எழுத மாட்டேன். எழுதினால் அதுவும் எனக்குச் சாதகமான சாட்சியாகிவிடும். அட்டைப்பெட்டியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பலவேசம் இப்போது உன்னைப் பற்றிக் கேட்பதில்லை. நான் சொல்லாமலே தெரிந்துகொண்டிருக்கிறார்.

ஜூன் மாதத்திலிருந்து நான் உனக்கு எழுத நினைத்தது ஒரே ஒரு விஷயம்தான். நீ இல்லாமல் எனக்குத் தனியாக இருக்கிறது. வீட்டுக்கு வரப் பிடிக்கவில்லை, கோர்ட்டில் கடைசி ஆள் போகும்வரை உட்கார்ந்திருக்கிறேன். இதை எழுதத் தெரியாமல் உன் மசோதாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அன்று கோர்ட்டு வாசலில் அழுதுகொண்டு நின்றாயே, ரொம்ப நேரம் நின்றாயா? யாராவது கூட இருந்தார்களா?

பொங்கல் விடுமுறையில் நான் அங்கே வரட்டுமா? டிக்கெட் போடவில்லை. பலவேசம் போடட்டுமா என்று கேட்டார், அவசரப்பட வேண்டாம், மேடத்தைக் கேட்க வேண்டும் என்று சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

வரலாம் என்றால் எழுது. வேண்டாம் என்று எழுதினால், வேண்டாம் என்றுதான் படிப்பேன்.

கௌரிசங்கர்