வராமல் இருப்பதற்கு நன்றி

கிளேஸ் பே,
புதன், 9 ஏப்ரல் 1986

என் அன்பு மர்ட்டிலுக்கு,

போனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். உன் அக்கா ஆலிவின் வீட்டுக்காரர் செசில் அந்த ஊருக்கு வரும் பயணிகள் படகில் வேலை பார்ப்பது எவ்வளவு சௌகரியம் பார். இன்றைக்கு அவர் கையில் கொடுத்தால் நாளைக்கு உன் கையில் இருக்கும்.

ஆலிவ் மகள் கல்யாணம் நல்லபடியாக நடந்ததா? நான் வராதது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீயே சொல், நம் ஊர் ஹாக்கி அணிக்குப் பருவத்தின் கடைசி ஆட்டம், ஜெயித்தால் பிளேஆஃப், தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஜெயித்தோம்! கடைசி நாளில் கடைசி இடத்தைப் பிடித்து உள்ளே நுழைந்துவிட்டோம்.

இதையும் கேள். நேற்று ஹாலிஃபாக்ஸ் போய் அவர்கள் பனித்தரையிலேயே அவர்களை அடித்துவிட்டோம். முதலிடத்து அணி, காசுக்காரன் அணி! பிளேஆஃபின் அழகே இதுதான் மர்ட்டில். வருஷம் முழுக்க அவர்கள் சேர்த்த புள்ளியும் நாங்கள் வாங்கிய உதையும் அழிந்துபோய், இரண்டு பேரும் பூஜ்ஜியத்தில் நிற்கிறோம். முதலில் நாலு ஆட்டம் ஜெயிப்பவன் மேலே போவான். "இந்த வருஷம் எவன் எவனை வேணா சாய்க்கலாம்டா, அதான் ஊரே தூங்காம கெடக்கு" என்கிறான் நம் தெரு ஹியூகி. ராசி போய்விடும் என்று, பிளேஆஃப் முடியும்வரை சுரங்கத்தில் எங்கள் ஷிஃப்ட் ஆட்கள் ஒருவரும் சவரம் செய்வதில்லை. என் தாடியில் பாதி வெள்ளை. நீ பார்த்தால் சிரிப்பாய்.

நீ இல்லாமல் வீடு நன்றாகவே இல்லை. கோபத்தை விட்டுவிட்டுச் சீக்கிரம் வா.

உன்,
ரானல்ட்

போர்ட் ஓ பாஸ்க்,
சனி, 12 ஏப்ரல்

ரானல்டுக்கு,

கல்யாணம் ஜோராக நடந்தது. மணப்பெண் அழகாக இருந்தாள், மாப்பிள்ளை திருதிருவென்று விழித்தான். பார்த்தவர்கள் எல்லாரும் "உன் வீட்டுக்காரர் எங்க?" என்று கேட்டார்கள். "வேலை" என்று பொய் சொன்னேன்.

நீ வராததைக்கூட மன்னித்திருப்பேன். நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு படகுத்துறையில் நான் நிற்கிறேன், நீ வரவில்லை. ஹியூகி வருகிறான். "ரானல்ட் வரலையாம் மர்ட்டில், நாளைக்கு மேட்ச் இருக்குல்ல?" என்கிறான். உன் வாயால் சொல்லக்கூட உனக்கு மனசு வரவில்லை, ஊரான் வந்து சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த ஆறு மணி நேரமும் கடலைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஆலிவ் என்னை இங்கேயே இருக்கச் சொல்கிறாள். ஆஸ்பத்திரிச் சமையலறையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. எனக்கென்று எடுத்து வைத்திருக்கிறார்கள். 24ஆம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். சரியென்று சொல்லிவிட்டால் திரும்பி வர மாட்டேன், என்னைப் பற்றி உனக்குத் தெரியும். நான் என்ன சொல்லட்டும் ரானல்ட்? சுற்றி வளைக்காமல் ஒரு வார்த்தை எழுது.

மர்ட்டில்

(எதிர்வீட்டு எஃபிக்குப் போன் பண்ணி உன்னைப் பற்றி விசாரித்தேன். சாப்பிடுகிறாயாம். சரி.)

கிளேஸ் பே,
செவ்வாய், 15 ஏப்ரல்

என் தங்கமே,

மூன்றுக்கு ஒன்று! இன்னும் ஒரே ஒரு வெற்றிதான்!

இதைப் படிக்கும்போது சிரித்துக்கொண்டே படி. நீ படகேறிய மறுநாளிலிருந்துதான் நாங்கள் ஜெயிக்க ஆரம்பித்தோம். கண்டுபிடித்தவள் எதிர்வீட்டு எஃபி. "மர்ட்டில் ஊர்ல இருந்தவரைக்கும் உதை, போனதிலேர்ந்து வெற்றி, கவனிச்சியா?" என்றாள். மூன்றாவது ஆட்டம் ஏன் தோற்றோம் தெரியுமா? அன்றைக்குத்தான் நீ எஃபிக்குப் போன் பண்ணினாய். இப்போது அவள் போன் மணி அடித்தாலே எடுப்பதில்லை. ரொட்டிக் கடையில், சர்ச்சில், சுரங்க லிஃப்டில் எல்லாம் உன் பேச்சுதான். பாதிரியார்கூடப் பூசை முடிந்து என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "அவங்க அக்கா வீட்ல சௌக்கியமா இருக்காங்கல்ல? அவசரமே இல்லையே?" என்று கேட்டார்!

எனக்கு நீ வேண்டும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் இந்தச் சுற்று முடியும்வரை அங்கேயே இரு கண்ணே. போனும் பண்ணாதே. ஆஸ்பத்திரி விஷயத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம். தெருக்காரர்கள் சேர்ந்து உனக்கு ஓர் அட்டை வாங்கியிருக்கிறார்கள், இத்துடன் வைத்திருக்கிறேன். "மர்ட்டில், வராமல் இருப்பதற்கு நன்றி" என்று எஃபி எழுத, எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ராணிக்குக்கூட இப்படி அட்டை போயிருக்காது!

முத்தங்களுடன்,
ரானல்ட்

போர்ட் ஓ பாஸ்க்,
வெள்ளி, 18 ஏப்ரல்

ரானல்டுக்கு,

அட்டை கிடைத்தது. ஆலிவ் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு கொல்லைப்பக்கம் துணி எடுக்கப் போனவள், ஒரு போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன்.

இருபத்திரண்டு வருஷம் அந்தத் தெருவில் இருந்திருக்கிறேன். எஃபிக்குப் பிரசவம் பார்க்க ஓடினேன். ஹியூகி பெண்டாட்டி செத்தபோது அவன் பிள்ளைகளுக்கு ஒரு குளிர்காலம் முழுக்கச் சமைத்துப் போட்டேன். நான் அங்கே இருந்ததற்கு ஒருத்தரும் நன்றி என்று சொன்னதில்லை. நானும் எதிர்பார்த்ததில்லை. இப்போது இல்லாமல் போனதற்கு ஊரே வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டிருக்கிறது. அந்தக் கூட்டத்தில் உன் கையெழுத்தும் இருக்கிறது ரானல்ட். கடைசியில் சின்னதாகப் போட்டிருக்கிறாய்.

கடைசி இடத்தில் கிடந்தவனையும் முதலிடத்துக்காரனோடு சரிசமமாக நிறுத்துகிறார்கள் என்று பெருமையாக எழுதியிருந்தாய். நல்ல ஏற்பாடுதான். நம் வீட்டில் எனக்கு அந்தச் சலுகை எப்போது கிடைத்தது சொல்? உன் அணி முதலிடம், உன் நண்பர்கள் இரண்டாமிடம். நான் எத்தனையாவது என்று எண்ணிப் பார்க்கவும் சங்கடமாக இருக்கிறது.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சரியென்று சொல்லிவிடுவேன். என் குளிர்காலத் துணிகளைச் செசிலிடம் கொடுத்துவிடு.

மர்ட்டில்

கிளேஸ் பே,
ஞாயிறு, 20 ஏப்ரல்

மர்ட்டில்,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே படித்தேன். உட்காரத் தோன்றவில்லை. அந்த அட்டையில் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்ட இந்தக் கையை என்ன செய்வது? நான் ஒரு மடையன். இதைவிட நல்ல வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

இரண்டு ஆட்டம் வரிசையாகத் தோற்றோம். மூன்றுக்கு மூன்று. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஹாலிஃபாக்ஸில் ஏழாவது ஆட்டம். அதோடு முடிந்தது. ஊரிலிருந்து பஸ் பஸ்ஸாகக் கிளம்புகிறார்கள். ஆனால் இன்றைக்கு நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை.

நன்றி மர்ட்டில். படுக்கையில் கிடந்த என் அப்பாவை ஒன்றரை வருஷம் பார்த்துக்கொண்டாய். நான் ஆட்டத்துக்கு ஓடிய சனிக்கிழமைகளில் அவருக்குச் சவரம் செய்துவிட்டவள் நீ. கடைசி வாரம் அவர் என்னிடம், "அந்தப் பொண்ணு கை பூ மாதிரிடா" என்று சொன்னார். அதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றாமல் போய்விட்டது. நான் சுரங்கத்திலிருந்து கரியோடு வரும்போதெல்லாம் கதவு திறந்திருந்ததற்கு நன்றி. குழந்தை இல்லையே என்று என் ஆட்கள் பேசியபோது என்னை ஒரு தடவையும் குத்திக்காட்டாததற்கு நன்றி. இதையெல்லாம் எழுத எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமைப் பகல் படகில் வருகிறேன். பஸ்ஸில் என் இடத்தை ஹியூகியின் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன். ஹியூகி குதித்தான். "போயும் போயும் ஏழாவது மேட்ச் அன்னிக்கா? பைத்தியமாடா உனக்கு? அவ கால் இந்த மண்ணுல பட்டா நாம காலி!"

"அவ கால் படாத மண்ணுல எனக்கு என்னடா வேலை?" என்றேன்.

இந்தத் தடவை யாரையும் அனுப்ப மாட்டேன். நானே வருகிறேன்.

ரானல்ட்

ஆலிவ் வீடு,
புதன், 23 ஏப்ரல், மத்தியானம்

ரானல்ட்,

நீ ஆலிவின் சோபாவில் தாடியும் குறட்டையுமாகத் தூங்குகிறாய். எழுப்ப மனசு வரவில்லை. கண் விழித்ததும் இதைப் படி. நேரில் சொன்னால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று சாயங்காலம் உன் படகு துறைமுகத்துக்கு வெளியே பனிக்கட்டியில் மாட்டிக்கொண்டு நின்றது. அதன் விளக்குகள் தெரிந்தன, ஆனால் படகு வரவில்லை. டிக்கெட் கொடுக்கும் அறையில் ஆட்டத்தை ரேடியோவில் வைத்திருந்தார்கள். எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். இரண்டுக்கு இரண்டு, கூடுதல் நேரம். ஆலிவ் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வருஷம் முழுக்க ஒரு கோல்கூடப் போடாத அந்த நெட்டைத் தடுப்பாட்டக்காரன் அடித்தான் ரானல்ட். நாம் ஜெயித்துவிட்டோம்!

அப்புறம், அத்தனை நாள் அடித்துக்கொண்டு கிடந்தவர்கள் வரிசையாக நின்று ஒவ்வொருவராகக் கைகுலுக்கினார்களாம். தோற்ற ஹாலிஃபாக்ஸ் கூட்டமே எழுந்து நின்று நம் பையன்களுக்குக் கைதட்டியதாம். அந்த அறையில் நானும் எழுந்து நின்று கைதட்டினேன். நீ வருஷாவருஷம் ஏன் அங்கே ஓடுகிறாய் என்று கொஞ்சம் புரிந்தது.

பனியில் படகில் பயணிகள் கேட்கும் ரேடியோ வேலை செய்யவில்லை என்று துறைமுகத்தில் சொன்னார்கள். அதனால் ஆலிவையும் லீவில் வீட்டிலிருந்த செசிலையும் வாயைத் திறக்கக் கூடாது என்று மிரட்டி வைத்தேன். காலையில் இறங்கி வந்ததும், "வீட்டுக்கு வா மர்ட்டில், கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்" என்றாய். என் வயிறு குளிர்ந்துவிட்டது. ஆனால் நீ முடிவு தெரியாமல் கேட்டாய். தோற்றிருப்போம் என்று நினைத்துக்கூடக் கேட்டிருக்கலாம்.

இப்போது தெரிந்துகொள். சனிக்கிழமை அடுத்த சுற்று. நான் இல்லாமல்தான் ஜெயித்தோம் என்று ஊர் இன்னும் பலமாகச் சொல்லும். எஃபி இரண்டாவது அட்டை வாங்கியிருப்பாள். காலையில் சொன்ன வார்த்தையை வைத்து உன்னைக் கட்டிப்போட எனக்கு இஷ்டமில்லை. எல்லாம் தெரிந்தபின் இன்னொரு தடவை கேள். கேட்காவிட்டால் நாளைக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். உன்மேல் கோபப்பட மாட்டேன், நீ வந்தாயே, அதற்கே நன்றி சொல்லுவேன்.

அடுப்பில் சூப் இருக்கிறது. நானும் ஆலிவும் கடைக்குப் போயிருக்கிறோம்.

மர்ட்டில்

அதே தாளின் பின்பக்கம், அதே நாள்

மர்ட்டில்,

சூப் குடித்துவிட்டேன். பாத்திரத்தையும் கழுவி வைத்துவிட்டேன்.

ரேடியோ வேலை செய்யாதது உண்மைதான். ஆனால் ஆட்டம் முடிந்ததும் கேப்டன் தன் வயர்லெஸ்ஸில் கரையைக் கூப்பிட்டுக் கேட்டு, ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார். படகே கத்தித் தீர்த்தது. யாரென்றே தெரியாத ஒரு லாரிக்காரனைக் கட்டிப்பிடித்து அழுதேன். அப்புறம் உன்னைப் பார்த்ததும் ஹாக்கிப் பேச்சு முதலில் வந்துவிடக் கூடாதே என்று காலையிலிருந்து நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

தெரிந்துதான் கேட்டேன். இப்போதும் கேட்கிறேன், வீட்டுக்கு வா.

நாளைப் படகில் நம் இருவருக்கும் இடம் சொல்லத் துறைமுகத்துக்குப் போயிருக்கிறேன். அடுத்த சுற்றில் தோற்றால் ஊர் திட்டும். திட்டட்டும், சேர்ந்து நின்று வாங்கிக்கொள்வோம்.

உன்,
ரானல்ட்