அப்பாவின் மைக் டெஸ்ட்

அனந்தபூர்,
12.8.1996

அன்புள்ள அம்மாவுக்கு, உன் மகள் தங்கச்செல்வி வணக்கத்துடன் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? பரளச்சியில் மழை உண்டா?

இங்கே கிராமத்துப் பெண்களின் பேச்சை டேப்பில் பதிந்து, வாரந்தோறும் வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டி ஊருக்கே போடுகிறோம். நேற்று மைக்கைச் சோதிக்க வாயைத் திறந்தேன். என்னை அறியாமல், "ஏ முத்துராக்கு, உலைய வையி, வாரேன்" என்று சொல்லிவிட்டேன்.

மைக் செட் கட்டப் போன இடமெல்லாம் அப்பா அப்படித்தானே டெஸ்ட் பண்ணுவார்? ஊரே சிரிக்கும். நீ, "இந்த மனுசனுக்குக் கூறே இல்ல" என்று திட்டிக்கொண்டே அடுப்பைப் பற்றவைப்பாய். அவர் இறந்தபோது எனக்கு ஐந்து வயது. முகம்கூட போட்டோவில் பார்த்ததுதான். குரல் மட்டும் எங்கேயோ ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது.

யார் அந்த முத்துராக்கு என்று எல்லோரும் கேட்டார்கள். என் அம்மா என்றேன்; அப்பாவின் மைக் டெஸ்ட் கதையையும் தெலுங்கில் சொன்னேன். லட்சுமம்மா என்கிற அக்கா, உன் அம்மா வைத்த உலை இங்கே வந்துசேர நாளாகும் என்று சொல்லி, களியும் குழம்பும் கொண்டுவந்து கொடுத்தார். குழம்பு நல்ல காரம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வேறொன்றுமில்லை.

அப்பா மைக்கில் வேறு என்னவெல்லாம் சொல்வார்? பக்கத்து வீட்டு ஜோதிகாவை எழுதச் சொல். கொஞ்சம் பருப்புப்பொடியும் அனுப்பு.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள். தீபாவளிக்கு முதல் நாள் அருப்புக்கோட்டையில் இறங்கி பஸ் பிடிப்பேன்.

ஏ முத்துராக்கு, உலைய வையி, வாரேன்.