தொடரில் திரும்பி வந்தவன்

1987 அக்டோபர் 14, புதன்

இந்தித் தொடரில் இறந்துபோன கணவன் திரும்பி வந்தது மனைவியின் கனவில்தான். வடக்கே லாரி ஓட்டி இந்தி கற்ற குப்புசாமி என் காதோடு சொன்னது இது. டிவி இருக்கும் தறிக்காரர் வீட்டில் வேறு யாருக்கும் இந்தி தெரியாது.

"செத்தவன் எப்படீங்க வருவான்? தம்பியா இருக்கும்," என்றார் தறிக்காரர்.

"தம்பிக்கும் அதே மீசையாங்க? அவரேதானுங்க," என்றாள் எதிர்வீட்டுச் சரசு. அவள் கணவன் நாக்பூருக்கு லாரி கொண்டுபோய் எட்டு மாதமாகிறது, தகவல் இல்லை. "பேப்பர்ல எழுதறவரு, நீங்க சொல்லுங்கண்ணா."

குப்புசாமி வாயைத் திறந்தான். அவன் தொடையை அழுத்தினேன்.

"அவரேதாம்மா," என்றேன். தெரிந்தே சொன்ன பொய்.

அவள் கணவனைப் பற்றி விசாரித்து நான் எழுதியதற்கு, அடையாளம் தெரியாத பிணம் ஒன்று கிடைத்திருக்கிறது, அவனுக்கு இடது முழங்கையில் தீத்தழும்பு உண்டா என்று நாக்பூர் போலீசார் எனக்கு எழுதிக் கேட்டிருந்தார்கள். உண்டு என்று அவளைக் கேட்காமலே பதில் போட்டுவிட்டேன். அவர்கள் முடிவு திங்கட்கிழமைக்குள் வர வேண்டும்.