டாக்டரம்மா கொடுத்த சீட்டு

மகளுக்கு,

காலையில் கண் டாக்டரிடம் இருந்தவர்கள்: நான், உன் அம்மா, உன் அக்கா வீட்டுக்காரர், டாக்டரம்மா. வேறு ஒருவரும் இல்லை.

கல்யாண மேடைக்குச் சோடாபுட்டிக் கண்ணாடியோடு வராதீர்கள் என்றாய். சரி, லென்ஸ் வாங்கப் போனேன். போன மாதம் எழுத்துகளை வாசித்துக் காட்டி வாங்கிய சீட்டை நீட்டினேன்.

"இது கண்ணாடிக்குத்தான் சார். லென்ஸ் கண்ணு மேலயே உட்காரும். கருவிழி வளைவை அளக்கணும், கண்ணீர் போதுமான்னு பார்க்கணும்."

நம் குடும்பத்தில் யாரும் அடுத்தவரிடம் கண்ணீரை அளக்கக் கொடுத்ததில்லை. உனக்காகக் கொடுத்தேன். கீழிமையில் காகிதத் துண்டைச் செருகி ஐந்து நிமிடம் உட்கார வைத்தார். காகிதம் நனையவே இல்லை. லென்ஸ் ஒத்துவராது என்று சொல்லிவிட்டார்.

ஆகவே மேடைக்குச் சோடாபுட்டிதான் வரும். நானும் கூடவே வருவேன்.

தையற்காரரிடம் போகிறோம். சாப்பாடு மூடி வைத்திருக்கிறது. வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடு.

பி.கு.: "சின்னவளுக்குக் கல்யாணம்" என்று டாக்டரம்மாவிடம் சொல்லும்போது நான் அழுததாக உன் அக்கா வீட்டுக்காரர் சொல்லித் திரிகிறாராம். நான் அழவில்லை. கண்ணீர் போதாது என்று டாக்டரம்மாவே எழுதிக் கையெழுத்துப் போட்ட சீட்டு போனுக்கு அடியில் இருக்கிறது.