நாற்பதைத் தாண்டினால்

லண்டன்
12.10.1992

பிரியமுள்ள அண்ணனுக்கு,

நஃபீசாவின் ஸலாம். அண்ணியும் ரம்ஷாவும் சுகந்தானே?

அங்கே என்னதான் செய்கிறாய் என்று கேட்டிருந்தீர்கள். சிரிக்கக்கூடாது. நீங்கள் மண்டியில் மூட்டை மூட்டையாக இறக்கும் அதே வெங்காயத்தைத்தான் நானும் ஆராய்கிறேன். ஓர் உயிரை உருவாக்கும் குறிப்பு அதன் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் டி.என்.ஏ. என்ற இழையில் எழுதியிருக்கிறது. மனிதனிடம் இருப்பதைப்போல் ஐந்து மடங்கு வெங்காயத்திடம் இருக்கிறது, அண்ணா! பெரிய உயிருக்குப் பெரிய குறிப்பு என்பதெல்லாம் இல்லை. வெங்காயத்தில் பெரும்பகுதி சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும் எழுத்து. எதற்கென்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும், அதனால் கெடுதல் ஒன்றுமில்லை என்கிறார் எங்கள் பேராசிரியர்.

குளிர் தொடங்கிவிட்டது. அண்ணியிடம் பருப்புப்பொடி கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் நஃபீசா


கோயமுத்தூர்
3.1.1993

அன்புத் தங்கச்சிக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் கடிதத்தை மண்டியில் படித்துக் காட்டினேன். எடை போடும் ஜபருல்லா, "ஏனுங்க பாய், அப்ப வெங்காயத்துக்கு நம்மளை விட மூளை சாஸ்திங்களா?" என்று கேட்க, ஒரே சிரிப்பு.

ரம்ஷாவுக்கு ஈரோட்டில் ஒரு நல்ல இடம் வந்திருக்கிறது. பையன் பெயர் ஆஸிம், மருந்துக்கடை வைத்திருக்கிறான். நீ இல்லாமல் மகளுக்கு நிக்காஹ் வைக்க எனக்கு மனமில்லை. நீயோ நாலு வருடமாக 'வாரேன், வாரேன்' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். பேனா தானாக இழுத்துக்கொண்டு போகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே தோள் துள்ளுகிறது. "ஆரோ கவுறு கட்டி இழுக்கற மாதிரி இருக்குதுங்க" என்கிறாள் உன் அண்ணி. கோபமும் அடங்குவதில்லை. போன வாரம் ஜபருல்லா மீது எடைக்கல்லை எறிந்துபோட்டேன். நல்லவேளை, படவில்லை. என்ன காரணமென்று இப்போது நினைவில்லை. நாற்பத்தைந்து வயதாகிறது, வேறென்ன.

உன் அண்ணன் நசுருதீன்


லண்டன்
18.4.1993

அண்ணா,

உங்கள் கடிதத்தைப் பத்துத் தடவை படித்தேன்.

நம் அத்தா தள்ளாடி நடந்ததும், அவரைக் குடிகாரர் என்று ஊர் சொன்னதும் எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் அவர் குடித்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அவருக்கு எந்த வயதில் ஆரம்பித்தது? அவருடைய அத்தாவுக்கும் இருந்ததா? மறைக்காமல் எழுதுங்கள்.

போன மாதம் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு கட்டுரை வந்தது. மனிதனின் குறிப்பில் ஓரிடத்தில் மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வருகிறது. பெரும்பாலோருக்கு இருபது தடவை போல. நாற்பதைத் தாண்டினால் நடு வயதில் உடல் துள்ளும், கோபம் வரும், பேச்சு குழறும், பிறகு புத்தி போகும். மருந்தில்லை. வெங்காயம் லட்சக்கணக்கில் சுமந்துகொண்டு சுகமாக முளைக்கிறது. நமக்குக் கூடுதலாக இருபதே போதும். பிள்ளைகளுக்கு இது பாதிக்குப் பாதி வரும். தகப்பன் வழியாக வந்தால் இன்னும் நீளலாம், இளவயதிலேயே தொடங்கலாம்.

ரத்தம் சோதிக்க இங்கே ஏற்பாடு செய்கிறேன். அதுவரை ஈரோட்டுக்காரர்களுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

நஃபீசா


கோயமுத்தூர்
9.6.1993

நஃபீசாவுக்கு,

அத்தா ஒரு சொட்டுக் குடித்ததில்லை. அவருடைய அத்தாவும் அப்படித்தான் துள்ளித் துள்ளிச் செத்தார். எனக்கும் அம்மாவுக்கும் தெரியும்.

குடிகாரன் மகளைக் கட்டிக்கொள்வார்கள். பரம்பரை நோய்க்காரன் மகளை யார் கட்டுவார்கள்? அப்போது உனக்குப் பன்னிரண்டு வயது. "ஊரு நெனைக்கறது நெனைக்கட்டும் கண்ணு, நீ வாயத் தொறக்காதே" என்றார் அம்மா. திறக்கவில்லை. பள்ளிவாசலில் அத்தாவைத் தோளைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அத்தா என்னையே பார்த்தார். பேச வாய் வரவில்லை அவருக்கு. இத்தனையும் உனக்காக. நீ கல்யாணமே வேண்டாம் என்று படிக்கப் போய்விட்டாய்.

ஆகஸ்ட் இருபதாம் தேதி ரம்ஷாவுக்கு நிக்காஹ். நான் குடிக்க ஆரம்பித்துவிட்டேன் என்று ஜபருல்லாவை விட்டு ஊரெல்லாம் சொல்லச் சொன்னேன். அழுதுகொண்டே போனான். ஈரோட்டுக்காரர்கள் முகம் சுளித்தார்கள், ஆனால் விலகவில்லை.

நீ வர வேண்டாம். வீட்டு முகவரிக்கு எழுதவும் வேண்டாம். கடிதங்களை ரம்ஷாதான் பிரிக்கிறாள்.

நசுருதீன்


லண்டன்
26.7.1993

அண்ணா,

இதை மண்டி முகவரிக்கு அனுப்புகிறேன்.

முதலில் என் ரத்தத்தைத்தான் கொடுத்தேன். முடிவு வந்துவிட்டது. நாற்பத்து நான்கு. சொன்ன டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அன்று மாலை பஸ்ஸில் என் தோள் ஒருமுறை அசைந்தது. பஸ் குலுங்கியதாலா, அதனாலா என்று தெரியவில்லை. இனி எப்போதும் எனக்கு அது தெரியாது.

எனக்காக நீங்கள் செய்ததை நான் கேட்டுச் செய்யவில்லை. என்னிடம் கேட்டிருந்தால் அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருப்பேன். ரம்ஷாவையும் யாரும் கேட்கவில்லை. அவளுக்கு இருபது வயது. நாளை பிள்ளை பெறப்போகிறவள்.

அவளுக்கு இன்று காலையே தனியாக எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். வீட்டு முகவரிக்குத்தான். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது அவள் அதைப் படித்து முடித்திருப்பாள். நிக்காஹ் நிற்கலாம். நீங்கள் என்னை மன்னிக்காமலும் போகலாம்.

சோதனை செய்வதும் செய்யாததும் உன் விருப்பம் என்று அவளுக்கு எழுதினேன். உன் அத்தா குடிகாரர் இல்லை என்றும் எழுதினேன்.

நஃபீசா