கம்பெனி வேண்டாமென்ற பிப்ரவரி வாரம்

லோர்னா,

தரகர் அம்மாள் கூப்பிட்டார். பழைய சொந்தக்காரரிடம் நாம் விலை பேசிய, வாரக் கணக்கில் பங்கு போட்டு விற்கும் ஃபுளோரிடா கடற்கரை அறையின் பிப்ரவரி வாரம் தனக்கு வேண்டாமென்று ரிசார்ட் கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டதாம். இனி வருஷாவருஷம் அந்த வாரம் நம்முடையது.

"விலையை இவ்வளவு குறைச்சுப் பேசாதே மனுஷா, யார் வித்தாலும் வாங்குற முதல் உரிமை கம்பெனிக்கு, அதே விலைக்கு அவங்களே எடுத்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டு, அன்றிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய். கம்பெனிக்காரனிடம் நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: அந்த அறைக் கட்டில் ராத்திரியில் கடலுக்குள் இறங்கிவிடும், காலையில் நண்டுகளை எழுப்பி அனுப்பிவிட்டுத்தான் நாம் எழுந்திருக்க வேண்டும். பயந்துவிட்டான்.

வாசல் பனியை வாரிவிட்டேன். சூப் அடுப்பில் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள். நான் கையெழுத்துப் போடப் போகிறேன்.

மெர்ல்

பி.கு. நீ சொன்னது பலித்துவிடுமோ என்று நானும் பயந்துகொண்டுதான் இருந்தேன். வந்ததும் பேசு, திட்டினாலும் சரி.