வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே

உத்ரெக்ட், நெதர்லாந்து
9 ஜூன் 2024

அன்புள்ள பிரேமாவுக்கு,

நாங்கள் நலம். நீயும் பால்பாண்டி அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள்? என் மகள் மீரா இப்போது தனியாகவே சைக்கிளில் பள்ளிக்குப் போகிறாள். ஒன்பது வயதுதான்! இங்கே சைக்கிளுக்கென்று தனிப்பாதை. காருக்கும் அதற்கும் நடுவே கல் வரம்பு கட்டியிருக்கிறார்கள். பயமே இல்லை.

நீயோ கரமனையிலிருந்து நீ வேலை பார்க்கும் பழவங்காடி ஜவுளிக்கடைக்கு இன்னும் பஸ்களுக்கு நடுவில்தான் மிதிக்கிறாய். நம் சாலைக்கும் இப்படிப் பாதை கேட்டு, படங்களோடு ஒரு மனு எழுதி இதனுடன் அனுப்பியிருக்கிறேன். வெறும் கோடு போதாது, தடுப்பு வேண்டும் என்பதுதான் அதில் முக்கியம். அங்கே குடியிருப்பவர் நேரில் கொடுத்தால்தான் வார்டு கூட்டத்தில் எடுப்பார்களாம். உன் கையால் கொடுத்துவிடு.

உன்
கலைச்செல்வி


கரமனை
27 ஜூன் 2024

அன்புள்ள கலைக்கு,

மனுவும் படங்களும் கிடைத்தன. படத்தில் நீ போட்டிருக்கும் அந்த நீலக் கோட்டு உனக்கு எடுப்பாக இருக்கிறது. என் வீட்டுக்காரர் படத்தைத் தன் கடைக்கே கொண்டுபோய் எல்லோரிடமும் காட்டினார். சாப்பிட உட்கார்ந்தால் உன் ரோட்டைப் பற்றித்தான் பேச்சு. "கலை எழுதின மனுவா? அப்ப நடந்திரும்" என்கிறார். பதினோரு வருடமாக இந்த ரோட்டில் மிதிப்பவள் நான். கிள்ளிப்பாலத்தில் பஸ் உரசிப் புடவை கிழிந்து வந்த அன்று, என்ன ஆச்சு என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போகட்டும். கூட்டத்தில் மனுவைக் கொடுத்தேன். "வரை போட்டா மதி சேச்சி, கட்டையெல்லாம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளைக் கோடே போதுமாம், அதை மட்டும் போடப் போகிறார்களாம்.

அன்புடன்
பிரேமா


கரமனை
15 செப்டம்பர் 2024

அன்புள்ள கலைக்கு,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடவில்லை. காரணம் சொல்கிறேன்.

கோடு போட்ட மூன்றாம் நாளே அதன்மேல் கார்களை நிறுத்த ஆரம்பித்தார்கள். போன செவ்வாய்க்கிழமை காலை, ஓட்டலில் தோசை போடும் அருமைநாயகம் அண்ணன் எனக்கு முன்னால் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். நின்ற காரைச் சுற்றிப் போக ரோட்டுக்குள் இறங்கினார். பின்னால் வந்த வேன் அடித்துவிட்டது. தொடை எலும்பு முறிந்துவிட்டது. நான்தான் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன்.

கலை, மனுவை நான் கொடுக்கவில்லை. கூட்டம் முடியும்வரை அது என் பைக்குள்ளேயே இருந்தது. அவர்களாகவே ரோட்டுப் பேச்சை எடுத்து, சைக்கிளுக்குக் கோடு போதும் என்று சொன்னபோது எழுந்திருக்கப் பார்த்தேன். எடுத்துக் கொடுத்தால் எல்லோரும் உன் பெயரைத்தான் சொல்வார்கள், நான் வெறும் தபால்காரியாக நிற்பேன் என்று தோன்றியது. உட்கார்ந்துவிட்டேன். பொறாமைதான். உன் ரோட்டின் மேல், உன் நீலக் கோட்டின் மேல், மீரா பயமில்லாமல் போவதன் மேல்.

பிரேமா


உத்ரெக்ட்
28 செப்டம்பர் 2024

பிரேமா,

நீ என்மேல் பொறாமைப்பட்டதில் எனக்குக் கோபமில்லை. என்னிடம் பொய் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் முறிந்தது என் கால் இல்லையே. அவரிடம் சொன்னாயா? சொல்லிவிட்டு எழுது. அதுவரை எழுத வேண்டாம்.

கலைச்செல்வி


கரமனை
16 அக்டோபர் 2024

கலைக்கு,

ஞாயிற்றுக்கிழமை அருமைநாயகம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி உலகம்மாள் அக்கா காபி கொடுத்தாள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அக்கா என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பிறகு வெளியே வரவேயில்லை.

அண்ணன் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "குடுத்திருந்தாலும் அவங்க கட்டை வச்சிருப்பாங்களோ என்னமோ" என்றார். பிறகு, "ஆனா குடுத்திருக்கலாம்லா, பிரேமா?" என்று கேட்டார். "இப்பமாவது கொண்டு குடு. நானும் கையெழுத்துப் போடுதேன்" என்றார்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் மனுவை நானே எழுந்து படித்தேன். எழுதியது நீ என்று முதலில் சொன்னேன். நான்கு மாதமாக அது யாரிடம் இருந்தது என்பதையும் சொன்னேன். ஒருவரும் கை தட்டவில்லை. அடுத்த மாதம் தடுப்புக்கு இடம் அளக்க வருகிறார்களாம். என் வீட்டுக்காரர் என்னோடு பேசுவதில்லை.

மீராவுக்கு என் முத்தம் என்று முடிக்க வந்தேன், கை தயங்குகிறது. நீ சம்மதித்தால் அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

பிரேமா